ஆளுநர் கண்ட சதி

சீடன்: ஐயா, ஆட்சியாளர் தவறான முடிவெடுத்தால் 'தெரியாமல் செய்தார்' என்கிறோம், அல்லது 'தெரிந்தே பொய் சொன்னார்' என்கிறோம். இரண்டுக்கும் நடுவே இன்னொன்று உண்டா?

குரு: உண்டு தம்பி. தனக்கே பொய் சொல்லி, அதைத் தானே நம்புவது. அதற்கான சான்று நம் கம்பளையிலிருந்தே தொடங்குகிறது. வலஹாகொட தேவாலயத்துப் பெரஹரா ஊர்வல வழக்கு தெரியுமல்லவா?

சீடன்: தெரியும். பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் கொட்டலாமா என்ற வழக்கு. 1815 கண்டி ஒப்பந்தம் தந்த உரிமை என்றது தேவாலயம். 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்றது; 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. அவ்வாண்டு வெசாக் இரவில் கண்டியில் சிங்கள முஸ்லிம் கலவரம் மூண்டது.

குரு: அப்போதைய ஆளுநர் சேர் றொபேட் சால்மர்ஸ் பாளி அறிஞர், ஜாதகக் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். உலகப் போர் நடந்த காலம். அதே மே மாதத்தில் தம் இரு புதல்வர்களையும் போர்முனையில் பறிகொடுத்தவர். முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது அவர் அதில் கண்டது பேரரசுக்கு எதிரான சதியை. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. டி. எஸ். சேனநாயக்க முதலிய சிங்கள மதுவிலக்கு இயக்கத்தார் சிறை சென்றார்கள். ஜூலை 7இல் இளைஞர் ஹென்றி பேதிரிஸை அதே சட்டத்தின் கீழ் சுட்டுக் கொன்றார்கள்.

சீடன்: துயரமும் போர்ப் பயமும் அவர் அறிவை மறைத்தன என்று கொள்ளலாமா?

குரு: பயம் அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தது, அதை நிலைக்க வைத்தது வசதி. சதி என்று முடிவு கட்டிவிட்டால், வழக்கை ஏன் இத்தனை ஆண்டு புகையவிட்டோம், விலையேற்றத்தையும் வியாபாரப் பகையையும் ஏன் கவனிக்கவில்லை என்று அரசு தன்னைக் கேட்க வேண்டியதில்லை. தன்னை ஏமாற்றுகிறவனும் ஆதாரம் தேடுவான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் தேடுவான். அவன் அதிகாரியாகவும் இருந்தால், அவன் விரும்புவதையே கீழுள்ளவர்கள் அறிக்கையாக எழுதி நீட்டுவார்கள்.

சீடன்: தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் அரசின் அடக்குமுறையை எதிர்த்தாரே! சட்டநிரூபண சபையில் வாதாடினார், லண்டன் சென்றார், 1916இல் நூலும் வெளியிட்டார்.

குரு: பெருந்துணிவு அது. ஆனால் அரசின் கொடுமையை அவ்வளவு தெளிவாகக் கண்டவர், முஸ்லிம்கள் பட்ட வேதனைக்கு அதே இடம் தரவில்லை. அரசின் கணக்கிலேயே 25 பேர் கொல்லப்பட்டார்கள். 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. தமிழர் முஸ்லிம் உறவில் அந்த மனக்கசப்பு நெடுங்காலம் தங்கிவிட்டது.

சீடன்: அவரே தப்பவில்லையென்றால் நான் எப்படித் தப்புவது? ஏமாறுகிறவனுக்குத் தான் ஏமாறுவது தெரியாதே.

குரு: மனச்சாட்சியை மட்டும் கேட்டால் தெரியாது, நேர்மையாய் இருக்கிறோம் என்ற நிறைவு ஏமாறியவனுக்கும் உண்டு. எனவே வெளியே பார். உன் முடிவால் அடிபடுகிறவன் பேச்சு உன் காதுக்கு வருகிறதா? என்ன தெரியவந்தால் முடிவை மாற்றுவாய் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியாவிட்டால், நீ ஆராயத் தொடங்கவே இல்லை.

சீடன்: இது ஆள்வோருக்குரிய பாடமா, வாக்களிக்கும் எனக்குமா?

குரு: உனக்கும்தான். இராமநாதனைப் பற்றி நான் சொன்னதும் உன் முகம் மாறியது. மறுப்பு இருந்தால் தேடு, தேடவே வேண்டும். அதே உழைப்போடு, அன்று கடையை இழந்த குடும்பம் என்ன சொல்லியிருக்கும் என்பதையும் தேடு. இரண்டையும் கேட்ட பிறகு உன் தீர்ப்பைச் சொல், நானும் கேட்கிறேன்.