வானம் நகர்ந்தது, ஏடு நகரவில்லை!

கதிரவன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் எது? பஞ்சாங்கத்தைக் கேட்டால் தை முதல் நாள் என்று கூறும்; உத்தராயண புண்ணிய காலம் என்று பெயரும் சூட்டும். கதிரவனையே கேட்டால், டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளே திரும்பிவிட்டேன் என்பான். இடையே மூன்று வாரத்துக்கும் மேற்பட்ட இடைவெளி! எதை நம்புவது? எரியும் ஞாயிற்றையா, எழுதிய ஏட்டையா?

ஐயமுள்ளோர் ஆராயலாம். சென்னையில் ஒரு வெட்டவெளியில் நான்கடிக் கோல் ஒன்றைச் செங்குத்தாக நட்டு, நாள்தோறும் உச்சிவேளையில் அதன் நிழலை அளந்து பார்க்கட்டும். டிசம்பர் 21, 22இல் அந்த நிழல் மிக நீண்டு, ஏறத்தாழ மூன்றடியைத் தொடும். பிறகு சுருங்கத் தொடங்கும். பொங்கலன்று இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைந்திருக்கும். கோலுக்குக் குலமில்லை, கோத்திரமில்லை. நிழலுக்குப் பொய் சொல்லத் தெரியாது!

அப்படியானால் முன்னோர் பொய்யுரைத்தனரா? இல்லை. ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முன், கதிரவன் மகரத்தில் புகும் நாளும் வடக்கே திரும்பும் நாளும் ஒன்றாகவே இருந்தன. புவியின் அச்சோ, சுழலும் பம்பரத்தின் தலைபோல் மெல்லத் தள்ளாடி, ஏறத்தாழ 26,000 ஆண்டுகளில் ஒரு வட்டமிடுகிறது. அதனால், விண்மீன்களைக் கொண்டு கணிக்கும் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட இருபது நிமிடம் நீள்கிறது. ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகுகிறது. இப்படியே போனால், இன்னும் ஆயிரம் ஆண்டில் தை முதல் நாள் சனவரி இறுதிக்குச் சென்றுவிடும்.

விண்மீனைக் கொண்டு ஆண்டை அளப்பது குற்றமா என்பர். குற்றமன்று, அதுவும் ஓர் அளவுகோலே. ஆனால் அந்த அளவில் பிறந்த நாளைப் பருவத்தின் திருப்பம் என்று சாற்றுவது பிழை. மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1955ஆம் ஆண்டின் அறிக்கையில் இதனை எடுத்துக்காட்டிற்று. பருவத்தோடு பொருந்தும் தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்தது. அது அரசிதழில் இடம்பெறுகிறது. வீட்டுச் சுவரிலோ பழைய ஏடே ஆட்சி புரிகிறது!

மூன்று வாரப் பிசகால் யாருக்கு என்ன கேடு? பிசகால் அன்று, நாளுக்கு நலமும் தீதும் கற்பிப்பதால் கேடு. ஆடியில் மணமில்லை, மார்கழியில் மங்கலமில்லை என்கிறோம். சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாதென்று அஞ்சி, புதுமணப் பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். மீறிப் பிறந்துவிட்டால், கண் திறக்காத குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்! கதிரவனின் திருப்பத்தையே தவறவிட்ட ஏடு, கருவறையிலிருக்கும் உயிருக்குத் தீர்ப்பு வழங்குவதா? அந்த ஏடு நாளைக்கே திருந்தினாலும் அவ்வுரிமை அதற்கில்லை. பருவங்கள் மாறுவது புவியின் சாய்வால். எவருடைய வாழ்வையும் தாழ்வையும் கருதியன்று.

பொங்கலைக் கைவிடுவோமா? வேண்டா! உழைத்தவன் களிக்க நெற்குவியல் போதும்; அதற்குப் புண்ணிய காலத்தின் சான்றிதழ் தேவையில்லை.

முன்னோர்க்கு நாம் பட்ட கடன்தான் யாது? அவர்கள் கண்டதைக் கண்மூடிக் காப்பதா, அவர்களைப் போல் கண் திறந்து காண்பதா? தொலைநோக்கி இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால் வானளந்தவர்கள் அவர்கள். வானம் நகர்ந்ததை அவர்கள் இன்று கண்டால், முதலில் திருத்துவது தங்கள் ஏட்டைத்தான். அவர்களின் விடையை மட்டும் வைத்துக்கொண்டு, வினாவைத் தொலைத்துவிட்டோம் நாம்.

தோழர்களே! வரும் டிசம்பரில் ஊர்தோறும் கோல் நடுவோம். சிறுவர் கையில் அளவு நாடாவைக் கொடுப்போம். காலத்தைக் கண்டு நடுங்கும் தலைமுறை போதும். காலத்தை அளந்து பார்க்கும் தலைமுறை எழட்டும்!