தேடிப் போகும் தூரம்

பனி கொட்டத் தொடங்கிவிட்டால் வெளி விளையாட்டுகளை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான் என்று நாம் நினைப்போம். பின்லாந்துக்காரர்கள் அப்படி நினைப்பதில்லை. ஹெல்சிங்கியில் டிசம்பர் மாதப் பகல் சுமார் ஆறு மணி நேரம்தான். அந்த அரை வெளிச்சத்திலும் பூங்காவில் நாலு பேர் தோளில் பையோடு டிஸ்க் கால்ஃப் ஆடிக்கொண்டிருப்பார்கள். இருட்டிவிட்டால் தட்டில் சின்ன எல்.இ.டி. விளக்கை ஒட்டிக்கொண்டு தொடர்வார்கள். இங்கே குடிவந்த பிறகு நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ஆட்டம் எளிது. கால்ஃப் பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எத்தனை குறைவான எறிகளில் தட்டைக் கூடையில் சேர்க்கிறோம் என்பதுதான் கணக்கு. இன்று உலகெங்கும் இருக்கும் அந்தச் சங்கிலிக் கூடை, 1970-களில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் உருவாக்கியது. கோடையில் இந்த ஆட்டத்தின் கௌரவமெல்லாம் தூரத்தில்தான். நூறு மீட்டரைத் தாண்டி எறிகிறவரை எல்லோரும் நின்று பார்ப்பார்கள்.

குளிர்காலம் அந்தக் கௌரவத்தில் கை வைக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. தட்டின் வேகத்தைச் சீக்கிரமே தின்றுவிடும். பிளாஸ்டிக் விறைத்துப்போய் விரலுக்குப் பிடி கொடுக்காது. ஓடிவந்து எறிந்தால் கால் வழுக்கும் என்பதால் நின்ற இடத்திலிருந்தே வீச வேண்டும். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். தட்டு இறங்கிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

புதுப்பனியில் தட்டு விளிம்பு சாய்ந்து இறங்கும்போது, தபால் பெட்டிக்குள் கடிதம் போவதுபோல் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். மேலே மெல்லிய கீறல் ஒன்றுதான் மிஞ்சும். கீறலுக்கு நேர் கீழே தோண்டினால் கிடைக்காது. தட்டு பனிக்கு அடியிலேயே இன்னும் கொஞ்சம் வழுக்கிப் போயிருக்கும். அது வந்த திசையைப் பிடித்து, காலால் பனியைக் கிளறியபடி முன்னே போக வேண்டும். தேடுவதற்கு விதிப்படி மூன்று நிமிடம். அதற்குள் அகப்படாவிட்டால் தண்டனையாக ஓர் எறி கூடும்.

அதனால் பலர் தட்டின் அடியில் நீளமான ரிப்பனை ஒட்டிக்கொள்கிறார்கள். தட்டு புதைந்தாலும் வால் வெளியே தெரியும். ஆனால் அந்த வால் காற்றில் படபடத்து, ஏற்கெனவே குறைந்துபோன தூரத்தில் இன்னும் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். தூரமா, திரும்பக் கிடைப்பதா என்று முடிவெடுத்துவிட்டுத்தான் கையை வீச வேண்டும்.

களத்துக்கு வெளியே இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. எவ்வளவு தூரம் எட்டினோம் என்பதே பேச்சு. ஊரில் ஒரு பையனின் படிப்புச் செலவை ஏற்கிறோம். பணம் மாதம் தவறாமல் போகிறது. அவன் இப்போது எந்த வகுப்பு, கணக்கு வருகிறதா, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று யாராவது கேட்டால் முழிக்கிறோம். நல்ல காரியந்தான், சந்தேகமில்லை. ஆனால் எங்கே விழுந்தது என்று பார்க்காமலே எறிந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் அவனோடு பேசுவதாக வைத்துக்கொண்டால், இன்னும் இரண்டு பேருக்கு உதவும் தெம்பு நமக்கு இல்லாமல் போகலாம். ரிப்பன் கேட்கும் விலை அதுதான்.

என்னோடு ஆடும் பின்லாந்து நண்பர் ஒருவர் ரிப்பன் ஒட்டமாட்டார். எதற்கெடுத்தாலும் வால் கட்டிக்கொண்டிருந்தால் முழுக்கையை வீசுவது எப்போது என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சில காரியங்களைத் திரும்பி வராது என்று தெரிந்தே செய்ய வேண்டும். பிள்ளைகளை அனுப்பிவைப்பது அப்படித்தான். ஆனால் அவர் எறிவது பழைய தட்டு; போனால் போகட்டும் என்று முன்பே மனத்தில் எழுதிவிட்டது. அதன் அடியிலும் தொலைபேசி எண் இருக்கும். பனி உருகும்போது யாரோ கண்டெடுத்து அழைப்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கும் உண்டு.

இன்னொன்றும் உண்டு. கோடையில் ஒருவர் எறியும்போது மற்றவர்கள் அரட்டையில் இருப்பார்கள். பனியில் நாலு ஜோடிக் கண்களும் தட்டு இறங்கும்வரை அதன் பின்னாலேயே போகும். “இரண்டாவது பிர்ச் மரம், இடப்பக்கம்” என்று ஒருவர் குரல் கொடுப்பார். எறிந்தவரின் கணிப்பைவிட பக்கத்தில் நின்றவரின் கணிப்பே பல முறை சரியாக இருக்கும். எறிந்தவர் வீசிய வேகத்தில் சுழன்றிருப்பார். தட்டு கடைசியில் வளைந்த வளைவை அவரால் சரியாகப் பார்த்திருக்க முடியாது.

ஒரு காரியத்தைத் தொடங்குமுன் இரண்டு விஷயங்களை விசாரித்துக்கொள்வது நல்லது: நடந்துபோய்த் தேட நமக்கு மனம் இருக்கிறதா, அது எங்கே விழுந்தது என்று சொல்ல நம்மோடு யாராவது நிற்கிறார்களா. இரண்டும் இருந்தால் முழுக்கையும் வீசலாம். இல்லையென்றால் குறைத்து எறிவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.