நாற்காலியில் இரண்டு வருடம்

வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் 1926 முதல் 1928 வரை கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர். அறிமுகக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதைத்தான் முன்னால் போடுவார்கள். பதவி என்றால் நமக்கு அப்படியொரு பயபக்தி. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது இரண்டே வருடம். ஔரங்கசீப்போடு குடித்தனம் நடத்தியதோ கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு.

படித்தது ஆங்கில இலக்கியம். மொகலாயர் காலத்தை எழுதுவது என்று இறங்கியபின் பாரசீகம் கற்றார், மராட்டி கற்றார். மொகலாய தர்பாரில் அன்றன்றைக்கு எழுதப்பட்ட 'அக்பாராத்' என்னும் செய்தித் தாள்கள் உண்டு. இன்று யார் வந்து சலாம் வைத்தார், யாருக்கு என்ன வெகுமதி, எவருக்குப் பதவி உயர்வு என்று சில வரிகள்தான். அவற்றில் ஒரு பகுதி லண்டனில் கிடந்தது. பிரதி எடுக்கச் சொல்லி வரவழைத்தார். அரசர்களைப் புகழ்ந்து எழுதப்பட்ட வரலாறுகளைவிட இந்தத் துண்டு வரிகளை நம்பினார். 'ஔரங்கசீப் வரலாறு' ஐந்து தொகுதிகளாக 1912 முதல் 1924 வரை வெளிவந்தது.

மராட்டியர் பக்கத்துச் சங்கதிகளுக்குப் பரோடா அரண்மனையில் வேலை பார்த்த கோவிந்த் சகாராம் சர்தேசாய் துணை. ஜதுநாத் பாரசீக ஓலையைப் படித்துச் சொல்வார், சர்தேசாய் மராட்டிக் கடிதத்தை. அரை நூற்றாண்டு தபாலிலேயே வளர்ந்த சிநேகம் அது. புனேயில் கட்டுக் கட்டாகப் பூட்டிக் கிடந்த, மராட்டிய ஆட்சியாளர்களான பேஷ்வாக்களின் ஆவணங்கள் பின்னாளில் சர்தேசாயைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 45 தொகுதிகளாக அச்சேறியபோது, அதன் பின்னால் ஜதுநாத்தின் கையும் இருந்தது.

ஔரங்கசீப்பின் மதக் கொள்கை பேரரசைச் சாய்த்தது என்பது அவர் தீர்ப்பு. வரலாற்றாசிரியர் இர்ஃபான் ஹபீப் 1963இல் நிலவரிச் சுமையையும் உழவர் கலகங்களையும் காட்டி வேறு கணக்குச் சொன்னார். ஒரு மனிதனின் குணத்தின்மேல் ஜதுநாத் அதிகப் பாரம் ஏற்றிவிட்டார் என்றே எனக்கும் படுகிறது. அவரோடு மல்லுக்கு நிற்க வந்தவர்களுக்கும் அவர் தேடிக் கொடுத்த தாள்கள் வேண்டியிருந்தன என்பது வேறு விஷயம்.

பதவி முடிந்த அந்த 1928இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து வில்லியம் மேயர் பெயரிலான சொற்பொழிவுகள் ஆற்றினார். பிறகு மறுபடி தாள்கள். 'மொகலாயப் பேரரசின் வீழ்ச்சி' முதல் தொகுதி 1932இல் வந்தது. நான்காவதும் கடைசியுமான தொகுதி 1950இல், எண்பது வயதை ஒட்டி.