கூலியும் கள்ளாமையும்

பிறர் பொருளை அவர் அறியாமல் எடுத்தல் களவு. இதனைச் சிறாரும் அறிவர். ஆயின், பிறருக்குச் சேர வேண்டிய பொருளை நம் கையிலேயே வைத்துக்கொண்டு, 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று காலங்கடத்துதல் களவாகுமா? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கூடலூரில் பொழுது புலருமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. பெண்கள் தூக்குச்சட்டியில் சோற்றுடன் ஏறி, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று அந்தியில் திரும்புகின்றனர். அவர்களுள் நமக்கு அறிமுகமான அம்மையார் ஒருவர் ஒருநாள் மாலை நம் இல்லம் வந்தார். இரு வாரக் கூலி நிலுவை. கேட்டபோது, அவற்றுள் நான்கு நாள் வேலை ஏட்டிலேயே இல்லை என்றனராம். "டீச்சரம்மா, நான் போனது ஜீப்பு டிரைவருக்குத் தெரியும், கூட நின்னு பழம் எடுத்தவங்களுக்குத் தெரியும். ஏட்டுக்கு மட்டும் தெரியலையே" என்றார்.

ஆசிரியப் பயிற்சியில் நாம் முதற்கண் கற்றது வருகைப் பதிவேடு எழுதும் முறையே. காலையிலும் பிற்பகலிலும் பெயரழைத்து அப்பொழுதே குறித்தல் வேண்டும். எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையாயினும், ஏட்டில் இல்லையேல் அது வராத குழந்தையே. அன்று அது வெறும் அலுவல் விதியாகத் தோன்றிற்று. அதன் அறத்தை இந்த அம்மையாரே நமக்கு விளக்கினார்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கள்ளாமை விரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாகப் பொய்யளவைக் கூறுகிறது. நாழியும் துலாக்கோலும் மட்டுமே அளவைகளா? உழைப்பை அளக்கும் நாழி வருகைப் பதிவேடன்றோ! அதில் ஒரு நாளைக் குறையவிடுதல், நெல் அளக்கையில் நாழியைத் தலைதட்டிக் குறைப்பதற்கு ஒப்பாகும். அதே அத்தியாயம், கொல்லாமைக்குரிய அதிசாரங்களுள் உணவையும் நீரையும் தடுத்தலைச் சேர்த்திருக்கிறது. அன்றாடங்காய்ச்சியின் கூலியைத் தடுத்தவர், அவர்தம் அடுப்பைத் தடுத்தவரே.

தாமதத்தின் விலையை நாமும் ஒருமுறை அறிந்தோம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணிடம், 'ஓய்வூதியம் எடுத்ததும் தருகிறோம்' என்று பத்து நாள் கடத்தினோம். அப்பத்து நாளில் அவர் வட்டிக்கு வாங்கி மகனின் பள்ளிச் செலவைச் செய்திருந்தார். நாம் பின்னர் முழுத்தொகையையும் கொடுத்தோம். வட்டியைக் கொடுத்தவர் அவர். ஏழையிடம் கேளாமலே, வட்டியின்றிக் கடன் பெற்றவர்களானோம்.

அரசும் இதற்கு விலக்கன்று. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வருகைப் பட்டியல் முடிந்த 15 நாட்களுக்குள் கூலி தரப் பணித்தது. தாமதித்தால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு ஈடு தர வேண்டும் என்றது. 2024-25இல் தமிழகத்தில் ஒரு நாள் கூலி ரூ.319. அதற்கு ஈடு ஏறத்தாழ 16 காசு! எந்த வட்டிக்கடைக்காரர் 16 காசில் பொறுப்பார்? 2023 முதல் வருகையைக் கைப்பேசிச் செயலியில் புகைப்படத்துடன் பதிய வேண்டும் என்றாயிற்று. அலைவரிசை எட்டாத மலையடி ஊர்களில், மண் சுமந்தவரின் உழைப்பு பதிவாகாமற்போகும் அபாயமும் உடன் வந்தது.

'ஏலக்காய் விலை வீழ்ந்துவிட்டது. திருடும் எண்ணம் எமக்கில்லை' என்பர் சிலர். இவ்வாதம் முற்றும் பொய்யன்று. விலை வீழ்ச்சி தோட்டக்காரரையும் வாட்டும். ஆயினும் பிரமத்தம் என்னும் விழிப்பின்மையையே நம் ஆகமம் குற்றத்தின் வேராகக் கொள்கிறது. கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில் கோயில் கொண்ட கண்ணகியின் கதையும் அதுவே. பாண்டியன் கோவலனைப் பகைத்தவனல்லன், ஆராயாமல் ஆணையிட்டவன். அறிந்தபின் அவன் 'எண்ணமில்லை' என்று தப்ப முயலவில்லை; அரியணையிலேயே உயிர்நீத்தான்.

ஆகவே நம் வினாவிற்கு விடை இது. கொடுக்க இயலாத நாளில், உழைத்த நாட்களைக் குறையாமல் எழுதி, தொகையையும் தவணையையும் சொல்லி, பொறுத்தருள வேண்டுபவர் கடனாளி, கள்வரல்லர். எழுதாமல் விடுபவரோ, கடன் இருந்ததென்பதையே அழித்துவிடுகிறார். அது களவே.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, கூலி வழக்குகளில் கொடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கொடுப்பவர் மேலேயே வைத்திருக்கிறது. மாதக் கூலியை அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குள்ளும், நாட்கூலியை அன்றைய வேலை முடிவிலும் தரச் சொல்கிறது. சட்டம் நீதிமன்ற வாயிலில் கேட்பதை, அறம் நம் வாயிலிலேயே கேட்கிறது.

அந்த அம்மையாருக்கு ஜீப்பு ஓட்டுநரின் வாடகைக் கணக்கு நோட்டு துணைநின்றது. அதைக் காட்டியபின் மூன்று நாட்கள் ஏற்கப்பட்டன. நான்காம் நாள் நோட்டிலும் இல்லை. இப்பொழுது அவர் நாட்காட்டித் தாளில் நாள்தோறும் குறித்து வைக்கிறார். நம் வீட்டு அடுக்களைச் சுவரிலும் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதில் குறிப்பவர் அந்தப் பெண். பார்த்துக் கையெழுத்திடுபவர் நாம். வாசக அன்பர்தம் இல்லங்களிலும், கடைகளிலும், தோட்டங்களிலும் அத்தகைய ஏடு ஒன்று உண்டா என இன்றே நோக்குவார்களாக.