படாசாராவின் மேலாடை



 

சென்ற மழைக்காலத்தில் கல்கத்தாவுக்குச் சென்றிருந்தோம். 1892ஆம் ஆண்டில் கிருபாசரண மகாதேரர் நிறுவிய பௌத்த தர்மாங்குர சபையின் விகாரையை வணங்கியபின், நியூ டவுனில் உத்தியோகம் பார்க்கும் நமது அன்பர் மகனின் இல்லத்தில் இரண்டு நாள் தங்கினோம். பஞ்சாலையில் ரிங் பிரேம் ஓசையிலேயே இளமையைக் கழித்த நமக்கு, பன்னிரண்டாம் மாடியின் அமைதி விநோதமாயிருந்தது. உறக்கம் வரவில்லை.

மறுநாள் அண்டை வீட்டு வங்காளப் பெரியவர் ஒருவர் மேற்கே கை நீட்டி, ஸால்ட் லேக் நகரைக் காட்டினார். 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ 1 கோடி மக்கள் இந்தியாவுக்குள் ஓடி வந்தனர். அப்போது கட்டி முடியாதிருந்த ஸால்ட் லேக்கில் பெரியதோர் முகாம் எழுந்தது. சாக்கடைக்கென்று இறக்கி வைத்திருந்த சிமெண்டுக் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. காலரா பரவிற்று. எல்லைப்புறத்துப் பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்பார், ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் தாயும் தமையனுமே குவளையால் புகட்டும்படி செய்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த சாவு நான்கிற்கும் கீழே இறங்கிற்று.

இதைக் கேட்டபோது நமது நெஞ்சில் ஒரு முள் தைத்தது. வாந்திபேதிக்கு அகதியின் கையிலேயே மருந்து கிடைத்தது. மனத்தின் பிணிக்கு? பிணி இரு வகை என்றும், உடற்பிணியின்றி நூறாண்டு வாழ்வோர் உண்டு, மனப்பிணியின்றி ஒரு கணம் இருப்பாரோ அரியர் என்றும் பகவான் அருளியதை நாம் எத்தனையோ மேடைகளில் எடுத்துரைத்தோம். ஆனால் அப்பிணி நம் வாசலுக்கு வந்தபோது நாம் செய்தது என்ன?

சொல்லவே வேண்டும். நமது ஊருக்கு அருகே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றுண்டு. 1990இல் படகேறி வந்த ஓர் அம்மையார் சில ஆண்டுகளுக்கு முன் நமது பௌர்ணமிக் கூட்டத்துக்கு வந்தார். கடலில் மகனை இழந்தவர், இரவில் உறங்காதவர். நாம் அவருக்கு அநிச்சத்தைப் போதித்தோம். கண்மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னோம். கண்ணை மூடியதும் அவர் அலறினார். இமைக்குள் கடல் நின்றதாம். நாமோ, பழகப் பழகச் சரியாகும் என்றோம். அதன்பின் அவர் வரவில்லை. முற்பிறப்பு வினை என்று நாம் சொல்லாதது ஒன்றே ஆறுதல். பாபாசாகேப் அக்கொள்கையை மறுத்துரைத்ததைப் படித்திருந்ததால் அவ்வளவாவது தப்பினோம்.

படாசாராவின் கதையை நாம் சரியாகப் படிக்கவில்லை, அன்பர்களே! கணவனைப் பாம்பு தீண்டிற்று; ஒரு பிள்ளையைப் பருந்தும் மற்றொன்றை ஆறும் கொண்டுபோயின; பெற்றோரும் சகோதரனும் வீடு இடிந்து மாண்டனர். ஆடை நழுவியதும் அறியாமல் அவள் ஜேதவனத்துள் நுழைந்தபோது, பைத்தியக்காரியை உள்ளே விடாதீர் என்று தடுத்தோர் பௌத்தர்களே. பகவானோ, வழிவிடுங்கள் என்றார். நினைவு கொள்ளச் சொன்னார். நினைவு வந்ததும் அவள் நாணிக் குறுகினாள். கூட்டத்தில் ஒருவர் தம் மேலாடையை வீசினார். உடுத்தாள், தன் துயரைச் சொன்னாள். போதனை அதன் பிறகுதான். பின்னாளில் பிள்ளை இழந்த தாயர் பலர் அவளையே நாடி வந்தனர். நாமோ வாசலும் ஆடையும் செவியும் விட்டுப் போதனையை முதலில் வைத்தோம். விநயத்திலும், சித்தம் கலங்கிய கக்கர் என்னும் பிக்குவின் செயல்களைக் குற்றமாய்க் கொள்ளலாகாது என்று சங்கம் தீர்மானித்த வரலாறுண்டு.

போரும் மோதலும் நடந்த நாடுகளில் ஐவரில் ஒருவருக்கு மனநோய் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி 100க்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தனர். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. எனினும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சிகிச்சை குடிமக்களுக்கு என்று கூறாமல், ஒவ்வொரு மனிதருக்கும் உரியது என்றே கூறுகிறது. கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் பெயிண்ட் அடித்து நாட்கூலி பெறுபவர் ஒரு நாள் வேலையை விட்டு, இரண்டு பஸ் மாறி, மனநோய்ப் பிரிவின் வரிசையில் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தார் பார்ப்பர். பெண்ணின் கல்யாணம் தடைப்படும் என்ற அச்சமும் உண்டு. அம்மருத்துவரிடம், கடலைப் பற்றி எங்கே தொடங்கிச் சொல்வது?

நமது அம்மையாரை அங்கே அழைத்துச் சென்றவள் அம்முகாமிலேயே பிறந்த ஒரு பெண். ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள், அகதிகளுள்ளேயே சிலருக்கு ஆற்றுப்படுத்தும் பயிற்சி அளித்து வந்திருக்கின்றன; இவளும் அத்தகைய பயிற்சி பெற்றவள். பன்காவில் குவளை பிடித்த கைகளைப் போல என்று நாம் எண்ணிக்கொண்டோம். மாதந்தோறும் அரசு மருத்துவமனைப் பெஞ்சில் அம்மையாருடன் அமர்ந்தாள். மாத்திரை முடியுமுன் நினைவூட்டினாள். கல்கத்தாவிலிருந்து திரும்பியதும் அம்மையாரைத் தேடிச் சென்று, செய்த பிழையைச் சொன்னோம். "இப்ப நித்திரை வருகுது, ஐயா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. தேநீர் கொடுத்தார்.

நமது சபை சென்ற கூட்டத்தில் செய்த தீர்மானத்தை அன்பர்கள் அறிவார்கள். மருத்துவமனை நாளில் உபாசிகைகள் இருவர் முறைவைத்து முகாம் வாசலில் காத்திருந்து, விரும்புவோருடன் துணை செல்வர். பஸ் கட்டணமும் அன்றைய கூலியில் ஒரு பங்கும் சபை நிதியிலிருந்து தரப்படும். வர இயலாதோர் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையைத் தமிழிலேயே அழைக்கலாம். 2022 முதல் நடைபெறுவது, கட்டணமில்லை. துணைவருவோர் எவரும் அந்தப் பெஞ்சில் அமர்ந்து தம்மம் போதிக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். முதல் முறைக்குப் பெயர் தந்தோர் இருவர். இன்னும் அறுவர் தேவை.