பாதைக்கும் உரிமை உண்டு

நெடுஞ்சாலையில் காவலர் ஒருவர் காரொன்றை நிறுத்தி ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கிறார். காரில் இருப்பவர் கண்ணாடியை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கி, ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுகிறார். "நான் வண்டி ஓட்டவில்லை, பயணம் செய்கிறேன். 'ஓட்டுநர்' என்றால் கூலிக்கு ஓட்டுபவர் என்றே சட்டத்தில் பொருள். நான் கூலிக்கு ஓட்டவில்லை. ஆகவே உங்கள் சட்டம் என்னைக் கட்டாது" என்கிறார்.

இது நாம் கற்பனையாகச் சொல்வதன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படி வாதாடும் வாகன ஓட்டிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். பதிவு எண்ணுக்குப் பதிலாகத் தாமே அச்சடித்த தகடுகளை வண்டியில் மாட்டிக்கொள்கின்றனர். தம் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருந்தால், 'அது நானல்ல. அரசாங்கம் உண்டாக்கிய வேறொரு கற்பனை ஆள். அபராதத்தை அவனிடம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்கின்றனர். 'இந்தச் சட்டத்துக்கு நான் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டேனா?' என்றும் வினவுகின்றனர்.

இதைக் கேட்டு நாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் சிரிப்பதற்கு முன் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் உயிரைக் கொல்லும் இந்த நோய் அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறதா?

பாதியை ஓதி மீதியை மறைத்தல்

இவர்கள் தம் காகிதக் கட்டில் நீதிமன்றத் தீர்ப்புகளையே எடுத்து எழுதுகின்றனர். 1930இல் வர்ஜீனியா மாநில உயர்மட்ட நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு அவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. பொதுப்பாதையில் செல்வது குடிமகனின் உரிமை என்று அதில் சொல்லப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதே தீர்ப்பு, பொதுமக்களின் பாதுகாப்புக்காக உரிமம் பெறவேண்டுமென்று நிபந்தனை விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொல்கிறது. முன்பாதியை எழுதுகிறவர்கள் பின்பாதியை எழுதுவதில்லை. அதற்கும் முன்பே, 1915இல், மேரிலாந்து மாநில வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. மோட்டார் வண்டி ஆபத்து நிறைந்த பொருள். அதைப் பதிவு செய்யவும், ஓட்டுபவர் உரிமம் பெறவும் மாநிலங்கள் கட்டளையிடலாம் என்று அது முடிவு கூறிற்று.

கனடாவில் 2012ஆம் ஆண்டு, அல்பெர்ட்டா மாகாண நீதிபதி ஜான் ரூக் என்பவர், ஒரு மணவிலக்கு வழக்கில் இத்தகைய வாதங்கள் வந்தபோது, அவற்றையெல்லாம் ஒன்று விடாமல் ஆராய்ந்து 700 பத்திகளுக்கு மேல் தீர்ப்பெழுதினார். இந்த வாதங்களில் ஒன்றுகூட எங்கும் வென்றதில்லை என்று காட்டியதோடு, இவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் 'குரு'மார்களையும் அவர் கண்டித்தார். கடனில் மூழ்கியவர்களும், வீட்டை இழக்கப் போகிறவர்களும், வழக்கில் சிக்கியவர்களும்தாம் பெரும்பாலும் அவர்களிடம் போய்ச் சேருகின்றனர். தத்தளிப்பவனுக்கு ஓலைத் தோணியை விற்றுக் காசு பார்ப்பவனை என்னவென்று சொல்வது!

பாதி வசனத்தை ஓதி மீதியை மறைக்கும் வித்தை நமக்குப் புதிதா? தொழுகையை நெருங்க வேண்டாமென்று குர்ஆனே சொல்கிறது என்று கூறிய சோம்பேறியின் கதையைச் சிறுவயதில் மத்ரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். போதையில் இருக்கும் நிலையில் என்ற சொற்களை அவன் வசதியாக விழுங்கிவிட்டான். வார்த்தை வேதத்தில் உள்ளதுதான். ஆனால் அவன் சொன்னது பொய்.

சனிக்கிழமை மீன்கள்

சூரத்துல் அஃராஃபில் கடற்கரையில் வாழ்ந்த ஒரு சமூகத்தின் வரலாறு வருகிறது. சனிக்கிழமையன்று மீன்பிடிப்பது அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. சோதனையாக அந்த நாளில்தான் மீன்கள் நீர்மட்டத்துக்கு மேலே கூட்டங்கூட்டமாக வந்தன. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். வெள்ளியன்றே வலை விரித்து வைத்தார்கள், சனியன்று மீன் விழுந்தது, ஞாயிறன்று எடுத்துக்கொண்டார்கள். 'சனிக்கிழமை நாங்கள் கடலைத் தொடவே இல்லையே' என்பது அவர்கள் வாதம். 'நான் ஓட்டவில்லை, பயணம் செய்கிறேன்' என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அல்லாஹ் அவர்கள் மீது இறக்கிய தண்டனையை நாம் அறிவோம்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ் தொகுப்பில் இத்தகைய தந்திரங்களுக்கென்றே 'கிதாபுல் ஹியல்' என்று ஒரு தனி நூற்பகுதி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியை, செயல்களெல்லாம் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன எனும் ஹதீஸைக் கொண்டு தொடங்கியிருப்பது சிந்திக்கத் தக்கது. வருடம் நிறைவடையும் தறுவாயில் பணத்தை மனைவி பெயருக்கு மாற்றி, அடுத்த வருடம் தன் பெயருக்குத் திருப்பிக்கொண்டு, 'எனக்கு ஜகாத் கடமையாகவில்லை' என்பவன் ஏழையின் பங்கைத் தின்றவனே ஆவான். கணக்குப் புத்தகத்தில் அவன் வெல்லலாம். மறுமையின் கணக்கில் வெல்லமாட்டான்.

சம்மதம் இல்லாமல் கடமை உண்டா?

இந்த ஓட்டிகளின் வாதங்களில் சற்று நின்று யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 'நான் ஒப்புக்கொள்ளாத சட்டம் என்னை எப்படிக் கட்டும்?' என்பதே அது.

மனிதன் மீதுள்ள கடமைகளெல்லாம் அவன் கையெழுத்துக்குப் பிறகுதான் பிறக்கின்றனவா? தாய் தகப்பனாருக்குச் செய்யவேண்டிய கடமைக்கு யார் ஒப்பந்தம் எழுதினார்கள்? அண்டை வீட்டாரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் அவர்கள் உரிமை நம்மீது இருக்கிறது. தெருவில் நடக்கும் முன்பின் அறியாத குழந்தையோடு நமக்கு எந்த உடன்படிக்கையும் இல்லை. ஆயினும் அதன் எலும்பை முறிக்காமல் வண்டியைச் செலுத்துவது நம்மீது கடமை. பிறருடைய உயிர் இருக்கின்ற இடத்தில் நம் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியதுமில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாதைகளில் அமர்வதைக் குறித்துத் தோழர்களை எச்சரித்தார்கள். அதைத் தவிர்க்க இயலாது என்று தோழர்கள் கூறியபோது, அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று அருளினார்கள். பார்வையைத் தாழ்த்துவதும், துன்பம் தராதிருப்பதும், ஸலாமுக்குப் பதில் சொல்வதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அந்த உரிமைகள். 'பாதையில் செல்வது என் உரிமை' என்று இன்று கூச்சலிடுகிறார்கள். பாதைக்கே நம்மீது உரிமை இருக்கிறது என்று அன்றே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதைச் சட்டமாகவே வகுத்துள்ளன. 'ஹிதாயா' போன்ற ஹனஃபி நூல்களில், சவாரி செய்பவன் பிறருக்கு உண்டாக்கும் சேதம் பற்றிய பாடத்தைப் பார்க்கலாம். பொதுப்பாதையில் செல்வது எல்லோருக்கும் ஆகுமானது. ஆனால் பிறருக்குக் கேடு விளையாமல் இருக்கவேண்டும் எனும் நிபந்தனையோடுதான் ஆகுமானது என்பது அங்குள்ள அடிப்படை. குதிரையும் ஒட்டகமும் சென்ற காலத்திலேயே இந்த நிபந்தனை என்றால், ஓர் இமைப்பொழுதில் ஒரு குடும்பத்தையே அழித்துவிடக்கூடிய இயந்திரத்துக்கு எத்தனை மடங்கு எச்சரிக்கை வேண்டும்! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகச் சாலைகளில் மாண்டவர்கள் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். நம் இந்திய நாட்டில் மட்டும் 2022இல் 1,68,491 உயிர்கள் சாலையில் போயின.

மொராக்கோவின் பெயரால்

இந்தக் கூட்டத்தாரில் ஒரு பிரிவினர் தம்மை 'மூர்கள்' என்று அழைத்துக்கொள்கின்றனர். மொராக்கோ சுல்தானுக்கும் அமெரிக்காவுக்கும் 1786இல் ஏற்பட்ட நட்புறவு உடன்படிக்கையைக் காட்டி, தாங்கள் மொராக்கோ வழியினர் என்றும், அமெரிக்கச் சட்டம் தங்களைக் கட்டாது என்றும் சொல்கின்றனர். 2021 ஜூலை 3ஆம் நாள் அதிகாலை, மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் வேக்ஃபீல்டு எனும் ஊரருகே, இப்படிப்பட்ட ஒரு குழுவினர் துப்பாக்கிகளோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருந்தனர். விசாரித்த காவலரிடம் உரிமம் எதையும் காட்டவில்லை. பல மணி நேரம் நெடுஞ்சாலை முடக்கப்பட்டு, முடிவில் 11 பேர் கைதானார்கள். அல்லாஹ்வின் அருளால் உயிர்ச்சேதம் இல்லை.

இவர்கள் கையில் மொராக்கோக் கொடி இருந்ததால் சிலர் இதை இஸ்லாத்தோடு முடிச்சுப் போடக்கூடும். அது தவறு. அமெரிக்காவில் 'மூரிஷ்' இயக்கத்தைத் தொடங்கிய நோபிள் ட்ரூ அலி என்பவரின் கொள்கைகள் நம் அகீதாவோடு ஒத்தவை அல்ல. ஆயினும் அவரேகூடத் தம் இயக்கத்தார் அரசாங்கச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்றே விதி எழுதிவைத்தார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த வாதங்களை 1970களிலும் 1980களிலும் பரப்பியவர்கள் கறுப்பின மக்களை வெறுத்த வெள்ளை இனவெறிக் குழுவினர். அவர்கள் வடித்த விஷத்தையே அவர்களால் வெறுக்கப்பட்ட மக்களில் சிலர் மருந்தென்று நம்பிக் குடிக்கின்றனர்.

உடன்படிக்கையை நிறைவேற்றுவது முஃமினின் பண்பு. ஒரு முஸ்லிம் சுல்தான் நட்புக்காக எழுதிய உடன்படிக்கையை, இன்னொருவன் சாலை விதியை மீறுவதற்குக் கேடயமாக்குவது எவ்வளவு பெரிய அநியாயம்!

தந்திரமும் தியாகமும்

'படைத்தவனுக்கு மாறுசெய்யும் காரியத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லையல்லவா? மனிதன் வகுத்த சட்டத்தை நாம் ஏன் மதிக்கவேண்டும்?' என்று நம் வாலிபர்களில் யாரேனும் கேட்கலாம். அந்த ஹதீஸ் உண்மை. ஆனால் சிவப்பு விளக்கில் நில் என்பதும், உரிமம் பெற்று ஓட்டு என்பதும் பாவத்தை ஏவும் கட்டளைகளா? தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை எனும் நம் மார்க்கத்தின் பொது விதியைத்தானே அவை நிறைவேற்றுகின்றன? இங்கேயும் ஹதீஸின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடக் கூடாது.

அநியாயமான கட்டளையை எதிர்த்து நின்ற நம் முன்னோர்கள் எப்படி நின்றார்கள்? ஹிஜ்ரி 218இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்று சொல்லும்படி உலமாக்களை வற்புறுத்தினார். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) அவர்கள் மறுத்தார்கள். சிறை சென்றார்கள், அடுத்த கலீஃபா முஃதஸிமின் காலத்தில் கசையடி பட்டார்கள். 'இந்தக் கட்டளையில் உள்ள பெயர் என்னுடையதல்ல' என்று அவர்கள் நழுவவில்லை. மனசாட்சிக்காக மறுப்பவன் பகிரங்கமாக மறுத்து, அதன் விலையைத் தானே செலுத்துகிறான். தந்திரக்காரனோ விலையைப் பிறர் தலையில் கட்டுகிறான். இரண்டையும் பிரித்தறிய இதைவிட நல்ல உரைகல் இல்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாம் அச்சடித்த காகிதக் கட்டை நீட்டுவதில்லை. ஆனால் ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டதென்று பள்ளிவாசல் தெருவை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகிறோமே, 'தொழத்தானே போகிறோம்' என்பது நம் வாதமல்லவா? வெளியே ஒரு நோயாளியின் வண்டி வழியின்றி நின்றால், அந்த வாதம் அல்லாஹ்விடம் செல்லுமா? வயது நிரம்பாத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, 'பக்கத்துத் தெருவுக்குத்தானே' என்கிறோம். தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கியின் மேல் வைத்துக்கொண்டு, காவலரைக் கண்டதும் தலையில் கவிழ்க்கிறோம். வாதங்கள் சிறியவைதாம். ஆனால் அருகில் நின்று அவற்றைப் பாடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் நம் மக்கள்.

அந்தப் பாடம் எங்கே போய் முடியக்கூடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறி முடிக்கிறோம். 2010 மே 20ஆம் நாள், அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாநிலத்தில் வெஸ்ட் மெம்ஃபிஸ் எனும் ஊரில் காவலர்கள் ஒரு வேனை நிறுத்தினர். உள்ளே ஒரு தந்தையும் அவருடைய 16 வயது மகனும் இருந்தனர். கடனிலிருந்து தப்பும் வழி என்று ஊர் ஊராக வகுப்பு நடத்தி, சட்டம் தம்மைக் கட்டாது என்று போதித்தவர் அந்தத் தந்தை. மகனை உடன் அழைத்துக்கொண்டே சுற்றினார். அன்று காகிதத்தோடு வாதம் நிற்கவில்லை. மகன் துப்பாக்கியோடு வேனிலிருந்து இறங்கிச் சுட்டான். இரண்டு காவலர்கள் மாண்டனர். சற்று நேரத்துக்குப்பின், ஒரு கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் தந்தையும் மகனும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

மாண்ட காவலர்களில் ஒருவர், அவ்வூர்க் காவல்துறைத் தலைவரின் சொந்த மகன். ஒரு தந்தை மகனை அழிவுக்கு அழைத்துச் சென்றார். இன்னொரு தந்தை, அதே அழிவில் தம் மகனைப் பறிகொடுத்தார்.

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளரே. உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைக் குறித்து விசாரிக்கப்படுவீர்கள் எனும் கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அடிக்கடி கேட்கிறோம். இராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், பாதையை ஏன் சீர்செய்யவில்லை என்று அல்லாஹ் என்னைக் கேட்பானே என்று உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக அறிவிக்கப்படுகிறது. கழுதைக்காக அஞ்சிய உள்ளம் அது. அடுத்தமுறை நம் பிள்ளை வண்டிச் சாவியைக் கேட்டு நிற்கும்போது, நாம் எதற்காக அஞ்சவேண்டும் என்பதை அந்த வேளையில் நினைத்துக்கொள்வோமாக.

வல்ல அல்லாஹ், சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் தந்திரத்திலிருந்து நம் உள்ளங்களைக் காத்து, பாதைக்கு அதன் உரிமையைக் கொடுப்பவர்களாக நம்மையும் நம் மக்களையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.