ஸ்விட்சுக்கு ஒரு கும்பிடு

மாலை ஆறு மணி தாண்டினால் சென்னை மேற்கு மாம்பலத்தின் பழைய வீடுகளில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசமோ பஜனையோ தொடங்கும் நேரம். வீட்டுப் பெரியவர் ட்யூப்லைட் ஸ்விட்சைத் தட்டுகிறார். குழல் மினுக்கி மினுக்கி எரிந்ததும் கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அகல் விளக்குக்குச் செய்த வணக்கம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே மின்விளக்குக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அணைக்கும்போது? எண்ணெய் விளக்கை மலையேற்ற ஒரு பக்குவம் இருக்கிறது. வாயால் ஊதக் கூடாது, பூவால் மெல்லக் குளிர்விப்பார்கள். ட்யூப்லைட்டை அணைப்பதற்கு அப்படி ஒரு முறையும் கிடையாது. அதற்கு இருப்பது மின்வாரிய அட்டை ஒன்றுதான்.

அப்படியானால் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது வெறும் வரவுசெலவுக் கணக்குதானா, இல்லை அதில் தர்மம் என்று ஏதாவது இருக்கிறதா?

முதலில் கணக்கையே பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டோடு நின்ற வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் 233 ரூபாய்! 500ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்கு அரசு கொடுத்த மானியம் போய்விடுவதுதான் காரணம். அதன்பின் கட்டணம் மாறியிருக்கிறது, ஆனால் அந்த 500 குடும்பங்களின் மனதில் கோடாக விழுந்துவிட்டது. ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கினால் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர்களும், வாஷிங் மெஷினை நாளைக்குத் தள்ளிப்போடுகிறவர்களும் இந்தப் பேட்டையில் ஏராளம். இதைப் பக்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏகாதசிக்கு நாள் பார்ப்பதைவிடக் கவனமாகவே நடக்கிறது.

சிக்கல் வருவது பில் வாயைத் திறக்காத இடத்தில்தான். பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். ஆளில்லாத அறையில் தினம் எட்டு மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட். தனியாக வாழும் ஒருவரின் மொத்தச் செலவே 100க்குள் அடங்கிவிட்டால், அந்த 36க்குக் காலணாகூடக் கட்ட வேண்டாம். இதற்கு நேர் எதிர்வீடும் உண்டு. கடல் தாண்டி வேலை பார்க்கும் பிள்ளை போனில் சொல்கிறான்: “அப்பா, கரண்ட் பில்லை நான் கட்டறேன். நீங்க ஏசியைப் போட்டுண்டு நிம்மதியா தூங்குங்கோ.” ஒரு வீட்டில் விலை இல்லை, இன்னொரு வீட்டில் விலை உறைக்கவில்லை. இரண்டிலும் சிக்கனம் ஊமையாகிவிடுகிறது. காலி அறையில் விசிறி சுற்றுவது தவறு என்று சொல்ல வேறு யாராவதுதான் வர வேண்டும்.

மதங்கள் வருகின்றன. இப்னு மாஜாவின் நபிமொழித் தொகுப்பில் ஒரு ஹதீஸ் இருக்கிறது: ஓடுகிற ஆற்றின் கரையில் உட்கார்ந்து, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவைச் செய்தாலும் தண்ணீரை வீண்விரயம் செய்யக் கூடாது என்பது அதன் கருத்து. இலவச 100 யூனிட்டுக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. ஆறு வற்றப்போவதில்லை, காசும் போகப்போவதில்லை. இருந்தும் வீணாக்குவது வீணாக்குவதுதான். போப் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல் தேவையில்லாத விளக்கை அணைப்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது; பெருகிவரும் ஏசியையும் விட்டுவைக்கவில்லை. கீதையின் மூன்றாம் அத்தியாயம் இன்னும் கடுமை: பெற்றதற்குத் திருப்பித் தராமல் அனுபவிக்கிறவனைத் திருடன் வரிசையில் வைக்கிறது. 1930இல் எரவாடா சிறையிலிருந்து சபர்மதி ஆசிரமத்துக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் அதே நூலைப் பிடித்துக்கொண்டு போகின்றன. தனக்குத் தேவைப்படாத பொருளை ஒருவன் அனுமதியோடு எடுத்துக்கொண்டாலும் அது திருட்டுதான் என்கிறார். அனுமதியோடு என்பதுதான் இங்கே சுடுகிறது. மின்வாரியம் அனுமதி தந்திருக்கிறது, மீட்டர் ஓடுகிறது, பில்லும் கட்டியாகிவிட்டது. காந்திக்கு அது போதவில்லை.

திருட்டு என்றால் யாரிடமிருந்து? இந்தக் கேள்வியை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களைப் பார்க்க இஸ்ரேலின் பினேய் பிராக் நகரத்துக்குப் போக வேண்டும். யூதர்களுக்கு சபாத் நாளில் வேலை கூடாது. ஸ்விட்சைத் தட்டுவதும் கூடாது என்பதால் முன்கூட்டியே டைமர் வைத்துவிடுவார்கள். ஹஸோன் இஷ் என்று அறியப்பட்ட மதகுரு இன்னும் ஒரு படி மேலே போனார். அன்றைக்கு மின்நிலையத்தில் யூதர் ஒருவர் வேலை செய்துதானே அந்த மின்சாரம் வருகிறது, அதைத் தொடலாமா என்று கேட்டார். அவர் வழி நடக்கும் வீடுகள் சில அந்த ஒரு நாளுக்கென்று ஜெனரேட்டரோ பேட்டரியோ வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விநோதமாகத் தெரியலாம். ஆனால் கம்பியின் அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிறார் என்பதை அவர்கள் மறக்கவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அந்த நினைப்பு வருகிறது?

நமக்கான அந்தப் பக்கம் அதிக தூரத்தில் இல்லை. கடலூர் மாவட்டத்து வடலூரில் 1867இல் வள்ளலார் பற்றவைத்த தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது. 1872இல் அங்கே சத்திய ஞானசபையில் ஜோதி தரிசனம் தொடங்கியது. பக்கத்து ஊர்தான் நெய்வேலி. 1956இல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது, 1962இலிருந்து மின்சாரம். அருட்பெருஞ்ஜோதிக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நடுவே சில மைல்கள்தான்.

2023 ஜூலையில் இந்த இரண்டும் ஒரு நீதிமன்ற அறையில் சந்தித்தன. பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் பச்சையாக நின்ற நெல்வயலுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்பது நிறுவனத்தின் வாதம். சட்டப்படி அதில் வலு இருக்கிறது. விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி எம். தண்டபாணி, அறுவடை வரை காத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். பயிர் வாடினால் மனம் வாடிய வள்ளலாரை நினைவூட்டி, அவர் வாழ்ந்த மண்ணிலேயே இப்படியா என்று வருந்தினார். நெய்வேலி மட்டுமல்ல, வடசென்னையில் எண்ணூரும் செப்பாக்கமும் அனல்மின் சாம்பலோடு வாழ்கின்றன. அந்தச் சாம்பலுக்கு மேற்கு மாம்பலத்தின் பில்லில் தனி வரி எதுவும் இல்லை.

இங்கே புத்திசாலி ஒருவர் குறுக்கிடுவார். மின்கட்டமைப்பில் எல்லாம் கலந்துதான் வருகிறது: காற்றாலை, கல்பாக்கம் அணுமின்சாரம், நெய்வேலி நிலக்கரி. என் வீட்டு விசிறியை நிறுத்தினால் எந்த வயல் பிழைக்கும்? நியாயமான கேள்விதான். ஆங்கிலேயத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளிவந்த தன் நூலில் இதோடு மல்லுக்கட்டினார். ஒவ்வொருவரின் பங்கும் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாக இருந்தாலும், எல்லாம் சேர்ந்து ஒருவரை வதைக்குமானால் ஒவ்வொரு பங்கும் தவறுதான் என்பது அவர் முடிவு. ஹதீஸும் காந்தியும் வேறு பாதையில் வந்து சேர்ந்த இடம் இதற்கு அருகில்தான்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் 1865இலேயே வந்துவிட்டது. நீராவி எந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓட ஓட, நாட்டின் மொத்த நிலக்கரிச் செலவு குறையாமல் ஏறத்தான் செய்யும் என்றார் பொருளியலாளர் ஜெவன்ஸ். நவராத்திரி சமயத்தில் எந்தத் தெருவுக்கும் போய்ப் பார்க்கலாம். 60 வாட் குண்டு பல்பு போய் 9 வாட் எல்இடி வந்தது. கொலுவுக்கு ஒரு சீரியல் செட் போதும் என்றிருந்த வீட்டில் இப்போது பால்கனி முழுக்க விடிய விடிய மின்னுகிறது. ‘எல்இடிதானே, கரண்டே இழுக்காது’ என்பது புது வேதவாக்கு. கருவி மட்டும் நல்லதானால் போதாது, கையும் கொஞ்சம் அடங்க வேண்டும் என்பதால்தான் இந்தப் பேச்சு பொறியாளர்களோடு முடியாமல் மதத்தின் பக்கம் வருகிறது.

ஆனால் இந்த அடக்கத்தை யாரிடம் கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். 2012 மின்வெட்டில் சென்னைக்குத் தினம் இரண்டு மணி நேரம். பல மாவட்டங்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. தியாகம் அப்போது சமமாகப் பங்கிடப்படவில்லை. இன்றும் சித்திரை வெயிலில் எண்பது வயதுக்காரர் விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்தால் அது புண்ணியம் அல்ல, ஆபத்து. 100 யூனிட் வீட்டுக்கு உபதேசம் செய்வது அபத்தம். ஏசி மூன்று வைத்திருக்கும் வீட்டை அல்லவா கேட்க வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியுள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி; ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். அதை 18க்கு இறக்கிவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறவருக்கு எந்த மதத்திலும் சமாதானம் கிடைக்காது. படுக்கப்போகும் முன் டிவியின் செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அல்லாமல் சுவர் ஸ்விட்சில் அணைப்பது, கீசரைக் குளிக்கிற நேரத்துக்கு மட்டும் போடுவது, பழைய விசிறி பழுதானால் 30 வாட் விசிறியாக மாற்றுவது: யாரையும் வருத்தாத காரியங்கள் இவை.

உண்மையான சோதனை அடுக்குமாடியின் மாடிப்படியில் இருக்கிறது. பொது மீட்டருக்கு 2022 முதல் தனிக் கட்டணம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றுதான் தொடங்கியது. இருந்தும் பட்டப்பகலில் படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதைத் தாண்டிப் பத்து வீட்டுக்காரர்களும் கோயிலுக்குப் போய் வருகிறார்கள். செலவு பத்தாகப் பிரிவதால் யாருக்கும் உறைப்பதில்லை, ஸ்விட்ச் யார் வீட்டுக்கும் சொந்தமில்லை. அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது எழுந்து சென்சார் வைக்கலாமே என்று சொன்னால், முதல் கேள்வி அதற்கு எவ்வளவு ஆகும் என்பதாகத்தான் இருக்கும்.